ஃபீல் பண்றியாம்மா?

துக்கம் விசாரிக்கிறவர்களுக்கு ஒருவர் செத்தாக வேண்டும். வருத்தம் விசாரிக்கிறவர்கள் என்று இன்னொரு ரகம் உண்டு. இவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆள் உயிரோடு, வயிறாரச் சாப்பிட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்தால் போதும். கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "ஃபீல் பண்றியாம்மா?" என்று கேட்டுவிடுவார்கள். ராயபுரத்தில் இந்த ரகத்துக்குத் தலைவர் அம்புரோஸ்.

அம்புரோஸ் ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதா கோயில் திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளர். கெட்டவர் என்று அவரைக் கல்மண்டபம் மீன்காரிகள்கூடச் சொல்ல மாட்டார்கள். அவருடைய அடுத்த வீட்டில், ஆண்பிள்ளை என்று ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட குழந்தை வளர்ந்து, படித்து, சில வருடங்களுக்கு முன் சாண்ட்ரா ஆனாள். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசராகவும் ஆனாள். அன்று போனது அம்புரோஸின் நிம்மதி. எதிர்த்தாரா? சேச்சே, ஆதரித்தார்! அந்த ஆதரவு தாங்காமல்தான் சாண்ட்ரா பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

டிவியில் எந்தத் திருநங்கையாவது பெரிய அதிகாரி ஆகிவிட்டால், அம்புரோஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். "பாத்தியாம்மா, நீயும் அதுமாரி ஆவணும். நம்ம தெருவுக்கே பேரு!" வேறொரு சானலில், எங்கோ வெளிநாட்டில், மாறியதற்காக ஒருவர் வருந்தி அழுதாலும் அதே லுங்கி, அதே ஓட்டம். சாண்ட்ரா ஒன்று சிலையாக நிற்க வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்து அழ வேண்டும். இரண்டும் இல்லாமல், பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு அவள் சும்மா வீட்டுக்குப் போனால் மனிதருக்கு அன்றைய பொழுதே வீண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தவளைக் கோயில் வாசலில் மடக்கினார்.

"மெய்யாலுமே சொல்லும்மா. துளிகூடவா ஃபீல் பண்ணல?"

"ஒண்ணே ஒண்ணுக்குப் பண்றேன் அங்கிள்."

அம்புரோஸுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருடத் தவம்!

"பாட்ட வுட்டுட்டேன். நம்ம பாடகர் குழுவுல நான்தான அடிக்கொரலு பாடினு இருந்தேன்? ஹார்மோன் மாத்திர துன்னா கொரலு மாறாது அங்கிள், அது அப்டியேதான் கீது. பொம்பளைங்க வரிசைல நின்னுகினு அந்தக் கொரல்ல பாடுனா சிரிப்பாங்கன்னு நானே வாய மூடிக்கினேன். அது ஒண்ணுதான் பேஜாரா கீது. இந்தத் திருவிழாவுல என்னப் பாட வுடுவீங்களா? பொம்பளைங்க வரிசைல?"

கவனித்தீர்களா? அவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள். அதற்குச் 'சரி' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிரே நிற்கிறார். அவர் காதில் விழுந்ததோ 'பண்றேன்' மட்டும்தான். மீதியைக் கேட்க அவருக்கு ஏது நேரம்? செய்தியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாமா? டீக்கடையில் சாண்ட்ரா ஃபீல் பண்ணினாள். செய்தி மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது அவள் தேம்பி அழுதாள். காட்டுப்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது பேன்ட் சட்டைக்குத் துணியே எடுத்துவிட்டாள்.

மறுநாள் அவள் நேராக அம்புரோஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அங்கிள், நான் திரும்பி ஆம்பள ஆவப் போறனாமே?"

"நீதானம்மா ஃபீல் பண்றேன்ன?"

"ஏன், நீங்க கிரேன் வேலைக்குப் போனதுக்கு ஃபீல் பண்ணதே இல்லியா? கல்யாணம் கட்டிக்கினதுக்கு?"

அம்புரோஸ் சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா. அவ உள்ளதான் கீறா."

"மெதுவா இன்னாத்துக்கு?" என்று உள்ளிருந்து கேட்டது அவர் மனைவி ஃப்ளோராவின் குரல். "கல்யாண நாள்லேருந்து நான் ஃபீல் பண்ணினுதான் கீறேன். என்ன ஒருத்தரும் கோயில் வாசல்ல நிறுத்தி விசாரிக்கலியே! மூட்ட கட்டினு எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டேன்னு யாரும் சொல்லலியே!"

அம்புரோஸ் அசரவில்லை. இந்த ரகத்தார் மாட்டிக்கொண்டால் உடனே பொன்னாடையைத் தேடுவார்கள்.

"திருவிழா மேடைல ஒன்ன ஏத்தறேன்மா. 'சாதனைத் திருநங்கை'ன்னு பட்டம். எனக்கு எந்த வருத்தமும் இல்லன்னு மைக்ல ஒரு வார்த்த சொல்ட்டேன்னா போதும். ஊரு வாய அடச்சிடலாம். முன்மாதிரின்னா ஃபீல் பண்ணக் கூடாதும்மா."

"பாட்டு?"

"அது கமிட்டில பேசணும்."

கமிட்டி என்றால் வேறு யார்? அம்புரோஸ்தான்.

திருவிழா அன்று சாண்ட்ராவை மேடையேற்றினார்கள். அம்புரோஸ் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். மைக்கையும் கொடுத்தார். "எல்லாருக்கும் நன்றிங்க. எனக்குப் பாட்டு கீது, வரேன்," என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்து, சாண்ட்ரா இறங்கிப் போய் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். குழுத் தலைவர் சைமன் அவளைப் பார்த்தார், கமிட்டி இருந்த பக்கம் பார்த்தார், பாட்டைத் தொடங்கக் கையை உயர்த்திவிட்டார்.

இத்தனை வருடம் அடித்தளம் இல்லாமல் நின்ற பாட்டு அது. அவளுடைய குரல் கீழே இறங்கியதும் ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வரியிலேயே தங்கள் குரலைத் தைரியமாக அதன்மேல் ஏற்றினார்கள். சாண்ட்ராவின் முகத்தில் இருந்தது சுத்தமான சந்தோஷம், பார்த்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையைத் தட்டினார்.

"கேட்டியா, ஆம்பளக் கொரலு வந்துட்ச்சி! பாவம், ரொம்ப ஃபீல் பண்றா."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் மறைக்காமல் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: இவ்வளவு நேரமும், சாண்ட்ராவுக்கு முன்னால் என்ன பெயர், ஆபரேஷன் ஆயிற்றா இல்லையா என்று உங்கள் மனது ஓரமாக விசாரித்துக்கொண்டே வரவில்லையா? அன்று அவள் என்ன பாட்டுப் பாடினாள் என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லையே.