போரன் ஏறிய வண்டி

மனைவி சொல்வதைக் கேட்பதில்லை என்று சென்ற வசந்தத்தில் ஒரு முடிவெடுத்தேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

விஷயம் என் முழங்கால். எங்கள் வீட்டில் தரையில் மெத்தை விரித்து, தாழ்ந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பாடு. உட்காருவதில் எனக்குச் சிரமமே இல்லை. எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. ஒரு கையை மேஜையிலும் மறு கையைச் சுவரிலும் ஊன்றி, ஒட்டகம் மாதிரி பாகம் பாகமாக எழுவேன். அப்போது ஒரு சத்தம் வரும். அது முழங்காலிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று எனக்கே தெரியாது.

டாக்டரிடம் போங்கள் என்றாள் என் மனைவி பிபிசாரா. போனால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாதா? எடையைக் குறை, தினமும் நட, கஸியை விடு. குதிரைக் கறியும் கொழுப்புமாகக் குடலில் அடைத்து வேகவைத்த கஸியை விட்டுவிட்டு ஒரு கஸாக் மனிதன் உயிரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதுவும் ஆயுளில் முக்கால்வாசி மலையில் ஆடு மேய்த்தவனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு டாக்டரா?

"இனிமே என் கால் விஷயத்துல நீ தலையிடக் கூடாது" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

அவள் சண்டை போட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சரி என்று சொன்னால்தான் விழித்திருக்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் அன்று குறட்டை விட்டுத் தூங்கினேன்.

அதே மாதத்தில்தான் போரன் விழுந்தான்.

போரன் என்றால் எங்கள் மொழியில் பனிப்புயல். கன்றுக்குட்டி உயரம், கரடித் தலை. ஓநாய்களைப் பின்னங்கால் பிடரியில் பட ஓடவிட்ட நாய். இப்போது என் மகன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போய்விடுகிறான். நானும் போரனும் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறோம். நான் தின்பேன், அவன் பார்ப்பான். அவன் பார்ப்பதைப் பார்த்து அவனுக்கும் கொடுப்பேன்.

அன்று காலையில் கூப்பிட்டதும் அவனுடைய முன்பாதி எழுந்தது. பின்பாதி எழவில்லை. மறுபடி முயன்றான். பின்னங்கால்கள் சிமெண்ட் தரையில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. திரும்பி அவற்றை ஒருமுறை பார்த்தான், யாரோ அவிழ்த்துப் போட்ட செருப்பைப் பார்ப்பதுபோல. பிறகு, எழுந்திருக்கும் உத்தேசமே தனக்கு இல்லாத மாதிரி அங்கேயே தரையை மோந்து பார்க்க ஆரம்பித்தான். அந்த வெட்கத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுத் துர்சின் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். நல்ல மனிதன். என் வயது, என் எடை. "வயசாயிடுச்சு சாக்கே. கஷ்டப்பட விடாதீங்க. உங்களால முடியலைன்னா என் துப்பாக்கி இருக்கு" என்றான். சாகிம்பெக் என்ற என் பெயரை மரியாதையாகச் சுருக்கி சாக்கே என்றுதான் கூப்பிடுவான். அன்று முழுக்க அந்த மரியாதைக்காரனோடு நான் பேசவில்லை.

பிபிசாரா வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் ரைகானுக்குப் போன் செய்தாள். மறுநாள் சேற்றில் குளித்த ஜீப்பில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். என் மடியில் போரனின் தலை. அவள் அவன் பின்னங்காலின் பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தாள். மெதுவாகத்தான் என்றாலும், அவனே அதைத் திருப்பிக்கொண்டான். இடுப்பைத் தொட்டு அழுத்தியபோது என்னைப் பார்த்து முனகினான்.

"நரம்பு சாகலை அண்ணா. இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு. தொடையில இருந்த சதையெல்லாம் கரைஞ்சு வயித்துக்கு வந்திருக்கு. படுத்தே கிடந்தா இன்னும் மோசமாகும். பழைய மாதிரி ஓட மாட்டான். ஆனா நடக்க வைக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. போரனின் தலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மருத்துவரை வழியனுப்பப் போன பிபிசாரா ஜீப்பில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பேசினாள். நடுவில் அந்தப் பெண் சிரித்தது கேட்டது. பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த பிபிசாரா டாக்டர் சொன்னதாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் படுக்கும் இடத்தில் வழுக்காமல் கம்பளித் துணி விரிக்க வேண்டும். விரித்தேன். படிக்கட்டில் ஏற விடாமல் சரிவுப் பலகை போட வேண்டும். போட்டேன். எழும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாதியைத் தூக்கிவிட வேண்டும். தூக்கினேன். இதுவரை எல்லாம் நியாயம்.

"அப்புறம், கொழுப்பு ஆகவே ஆகாதாம்" என்றாள்.

"கொடுக்க வேண்டாம்."

"அவனுக்குக் கொடுக்காம நீங்க மட்டும் அவன் எதிர்ல கஸி தின்னா அவனுக்கு எப்படி இருக்கும்? வாசனைக்கே வழுக்கி வழுக்கி எந்திரிப்பான். எலும்பு முறிஞ்சா யாரு பொறுப்பு?"

நான் யோசித்தேன். போரன் என்னைப் பார்த்தான். கஸி வீட்டை விட்டுப் போனது. எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியும் துணைக்குப் போனது. கொழுப்பில்லாத கறியும் காரட்டும் ஓட்ஸும் வந்தன. ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம். எனக்கானதில் உப்பு இருக்கும், அவனுக்கானதில் இருக்காது. சில நாள் எனக்கும் இருக்காது.

கடைசியாகத்தான் குளம் வந்தது. எங்கள் ஊருக்கு வெளியே, வில்லோ மரத்தோப்பைத் தாண்டி, வெந்நீர் ஊற்று விழும் ஒரு குளம் உண்டு. தினமும் அதில் கொஞ்ச நேரம் போரனை நிற்க வைத்து நடத்த வேண்டுமாம். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், மூட்டுக்கு இதம். நல்ல யோசனைதான். ஆனால் அவ்வளவு தூரம் அவன் எப்படி நடப்பான்?

வைக்கோல் ஏற்றும் கைவண்டியைக் காட்டினாள்.

கழுதையைப் பூட்டுகிறேன் என்றேன். கழுதை குலுக்குமாம், இடுப்புக்கு ஆகாதாம். மனுஷன் பார்த்துப் பார்த்து இழுப்பதுதான் நல்லதாம். துர்சினின் காரில் ஏற்றலாமே என்றேன். பெட்ரோல் வாசனை போரனுக்குக் குமட்டுமாம். குளத்துக்குள்ளும் யாராவது கூடவே இறங்கித் துண்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டுமாம். அவன் வயிறு வரை தண்ணீர் என்றால் எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

"என் காலு நடக்கிற நிலையிலயா இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க கால் விஷயத்துல நான் தலையிடலீங்க. இது அவன் கால் விஷயம்."

மறுநாள் காலையில் ஊரே ஒரு காட்சி பார்த்தது. வண்டியில் மெத்தை. மெத்தையில் போரன், பழைய கான் மன்னன் ஊர்வலம் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நான்.

"சாக்கே, யாரு யாரை நடத்துறது?" என்று துர்சின் வேலியிலிருந்து கேட்டான்.

"நான் அவனை நல்லா நடத்துறேன். அவன்தான் என்னை நடத்துறான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இரைத்தது.

குளத்தில் முதல் நாள் போரன் மிரண்டான். பிறகு வெதுவெதுப்பு பிடித்துவிட்டது. துண்டைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம் நடக்க, அவன் வாத்து மாதிரி பின்பாதியை ஆட்டிக்கொண்டு நடந்தான். கரையேறியதும் இரண்டு பேரும் உடம்பை உதறிக்கொண்டோம். திரும்பும்போது வண்டி இன்னும் கனத்தது, நனைந்த ரோமத்தோடு.

இப்படியே போயிருந்தால் நான் நல்லவன் என்று பெயர் வாங்கியிருப்பேன். ஓட்ஸ்தான் என்னைக் கெடுத்தது. திரும்பும் வழி துர்சின் வீட்டுப் பின்வாசலை ஒட்டிப் போகிறது. துப்பாக்கிப் பேச்சுக்கு மன்னிப்பாக அவன் ஒருநாள் உள்ளே கூப்பிட்டான். மன்னிப்பு தட்டில் வந்தது. தடித்தடியாக நறுக்கிய, கொழுப்பு மினுங்கும் மன்னிப்பு. நான் உடனே மன்னித்தேன். அடுத்த நாளும் மன்னித்தேன். போரன் வெளியே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். நாய் பேசாது என்ற தைரியம்.

ஒருநாள் நான் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. வண்டியைப் பிபிசாரா இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது துர்சின் வீட்டுப் பின்வாசலில் போரன் வண்டியை விட்டுத் தானாக இறங்கினானாம். எவர் உதவியும் இல்லாமல் வாசல்வரை நடந்தானாம். முன்காலால் கதவைத் தட்டினானாம். கதவைத் திறந்த துர்சின், ஆள் யாரென்று பார்க்காமலே தட்டை நீட்டினானாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் துர்சின். பிபிசாரா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துர்சினின் மனைவியிடம் பேசினாள். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியபோது வேலியோரம் துர்சின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் காரட் தின்ற முகமாக இருந்தது.

"நான் பின்னாடி இருந்து தள்ளுறேன் சாக்கே" என்றான்.

கோடை முழுக்க இப்படிப் போனது. நான் இழுப்பேன், அவன் தள்ளுவான், போரன் ஊரைப் பார்வையிடுவான். முதலில் தோப்புவரை வண்டியில் வந்து இறங்கி நடந்தவன், போகப்போகப் பாதித் தூரத்திலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தான். துண்டு வேண்டாம் என்று திரும்பி முறைத்தான். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, எங்கள் முற்றத்துக்குள் வெளியூர் நாய் ஒன்று நுழைந்தது. போரன் எழுந்தான். முன்பாதியும் பின்பாதியும் ஒன்றாகவே எழுந்தன. இடுப்பு ஒரு பக்கம் ஆட, கால் ஒரு பக்கம் இழுக்க, குரைத்துக்கொண்டே வாசல்வரை ஓடினான். விழுந்துவிடப் போகிறானே என்று பதறி நானும் பின்னால் ஓடினேன். வாசலில் அவன் நின்று, பனிப்புயல் என்று பெயர் வைத்தது சரிதான் என்பதுபோல மலையைப் பார்த்து உறுமினான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். நிமிர்ந்தால், பிபிசாரா வீட்டுக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாயைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன்.

அந்த வாரம் ரைகான் வந்தாள். போரனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தொடையில் சதை பிடித்திருக்கிறது, இந்த வயதுக்கு இதைவிடக் கேட்கக் கூடாது என்றாள். தேநீருக்கு உட்கார்ந்தோம். நான் பெருமையாக வண்டிக் கதையைச் சொன்னேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"தினமுமா? நீங்களேவா இழுத்தீங்க? முடிஞ்சப்போ கார்ல கூட்டிட்டுப் போங்கன்னுதானே சொன்னேன்."

நான் பிபிசாராவைப் பார்த்தேன். அவள் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கழுதை பற்றிக் கேட்டேன். மருத்துவருக்குக் கழுதை பற்றி ஒன்றும் தெரியவில்லை. நாய்க்குக் கொடுக்காமல் நான் கஸி தின்னலாமா என்று கேட்டேன். நாயை வெளியில் விட்டுவிட்டுத் தின்றால் போயிற்று என்றாள். பிறகு அவளுக்கும் எதுவோ புரிந்த மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு பிபிசாரா பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஜீப்புகிட்ட ரெண்டு பேரைப் பத்திக் கேட்டீங்களே அக்கா. சொன்ன பேச்சு கேக்காது, தீனியைக் குறைச்சா உறுமும்னீங்களே, அந்த ரெண்டாவது ஆளு இப்ப எப்படி?"

"பரவாயில்ல கண்ணு. எந்திரிக்கிறப்போ இப்பல்லாம் கத்துறதில்ல."

கோபித்துக்கொண்டு எழுந்தேன். மேஜையில் கை வைக்கவில்லை, சுவரில் கை வைக்கவில்லை, ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக எழுந்துவிட்ட பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். வெளியே போரன் துர்சினின் கோழியைத் துரத்துகிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரைகான் கிளம்பும்போது, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டாள்.

"பல்லு ஒண்ணு ஆடுது. பார்க்கலாம்னா வாயையே திறக்கிறதில்ல" என்றாள் பிபிசாரா.

ரைகான் பையைத் திறந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போரனைத் தேடி முற்றத்தில் இறங்கப் போனாள்.

"அவன் பல்லு நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றாள் பிபிசாரா.

நான் வாயைத் திறந்தேன்.