டபுள் செக்கும் ராணியும்

தமிழ்நாட்டிலேயே அதிகம் சந்தேகப்படுகிறவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் ஆபீசில் 'டபுள் செக்' என்று பட்டப்பெயர் வாங்கியவருக்குத்தான் முதல் பரிசு. கோப்பையைக் கையில் வாங்கிய பிறகும், "எனக்குத்தானே?" என்று நடுவரிடம் இன்னொரு தரம் கேட்பார்.

சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில், மீனவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தின் கடலூர் ஆபீசில் அவரும் நானும் டேட்டா அனலிஸ்ட்டுகள். ஊர் ஊராக எடுத்த கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யாருக்கு வீடு என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

சிதம்பரத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். போர்டை அவர் நம்ப மாட்டார். டிரைவரைக் கேட்பார், கண்டக்டரைக் கேட்பார். பிறகு பக்கத்து சீட்காரரிடம், "நீங்க எங்க போறீங்க?" என்பார். அவரும் கடலூர் என்றால்தான் சாய்ந்து உட்காருவார். ஆபீஸ் நண்பனின் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அப்பாவிடம், "இன்னிக்குத்தானே முகூர்த்தம்?" என்று கேட்டவர்.

பிச்சாவரம் பக்கத்துக் குப்பம் ஒன்றின் கணக்கைச் சரிபார்க்க நாங்களே நேரில் போனோம். அங்கே அஞ்சலை என்றொரு அம்மாள், மீன் விற்பவர், பிளாஸ்டிக் ஷீட் கூரைக்குக் கீழே இருந்தார். கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகள் கிடையாது.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது: குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர். ஒற்றை ஆளின் பெயரைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைச் சிவப்பாக்கித் தள்ளிவிடும்.

"குடும்பத்துல எத்தன பேரும்மா?" என்றார் டபுள் செக்.

"நானும் ராணியும்."

"ராணி யாரு?"

அந்த அம்மாள் கூடையைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் கோழி முறைத்தது.

"இதும் குடும்பத்துல சேத்தியா?"

"பின்ன? ராவும் பகலும் எங்கூட வேற யாருய்யா கெடக்குறா?"

டபுள் செக் தலையாட்டி எழுதிக்கொண்டார். பெயர் ராணி. உறவு வளர்ப்பு. கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சாவி கொடுக்கும் விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். எங்கள் மேனேஜர் மைக்கில், "அடுத்து அஞ்சலை, ராணி குடும்பத்தார் மேடைக்கு வரவும்" என்றார். அஞ்சலையம்மாள் கோழியை இடுக்கிக்கொண்டு ஏறினார்.

"பொண்ணு எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

"எந்தப் பொண்ணு? இதாங்க ராணி."

மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. மைக்கை மூட மறந்து, "யோவ், என்னய்யா இது!" என்று கத்தினார். குப்பமே கேட்டது.

டபுள் செக் எழுந்து நின்றார். "சார், ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் அதான் சொன்னாங்க."

பந்தலே சிரித்தது. தலைமை அலுவலக அம்மையார் சிரிக்கவில்லை. என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டு, "இவங்க தனியா இருந்தா வீடு கிடையாதா? யாரு போட்ட ரூல் இது?" என்று கேட்டார். அம்மையார் சாவியை எடுத்து அஞ்சலையம்மாள் கையில் வைத்தார். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த மாதம் விதி மாறியது. தனியாக வாழும் பெண்கள் பலருக்கு அதனால் வீடு கிடைத்தது. டபுள் செக்குக்குக் கிடைத்தது ஒரு மெமோ. அதில் இருந்த கையெழுத்து மேனேஜருடையதுதானா என்று அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

விழா நடந்த அன்று, சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவரிடம் மெதுவாகக் கேட்டிருந்தேன்: "தெரிஞ்சுதானே எழுதுனீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "ஒத்தையா இருக்கறவன் வீட்டுக்குப் போவ வேணாமா மச்சான்?" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தவர் அவர். அன்று அவரை அங்கே போக விடவில்லை. கையைப் பிடித்து, எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன்.