புளியந்தோப்புக் குட்டை டைனோசர்

‘தொல்லுயிர் எச்சங்கள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. ஜேசிபி ஓட்டும் தீனதயாளன் ஒரு முழ நீள எலும்பைத் தூக்கிக்கொண்டு வந்து செந்தமிழ்ச்செல்வியின் முன்னால் நின்றான்.

"மேடம், குழியில இது கெடந்திச்சு. இன்னா மேடம் இது?"

"எலும்பு."

"அது தெரியுது. எதோட எலும்பு?"

கள்ளக்குறிச்சி நகரத்தின் பருவநிலைத் திட்ட அறிக்கையில் ஏழாவது அத்தியாயம் அவளுடையது. திட்டத்துக்காக எங்கே மண்ணைக் கிளறினாலும், அடியிலிருக்கும் பாறைக்கோ, கல்லாகிப் புதைந்து கிடக்கும் பழங்கால உயிர்களுக்கோ கேடு வருமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். நிலவியல் படித்துவிட்டு ஆறு வருடம் டியூஷன் எடுத்தவளுக்குப் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை.

கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் இருநூற்றைம்பது கோடி வருடப் பாறை. விலங்கு என்று ஒன்று பூமியில் பிறப்பதற்கு முன்பே இறுகிப்போனது. அதில் எலும்பு தேடுவதற்குக் கல்லில் நார் உரிக்கலாம். தவிர, சேறும் சீமைக் கருவேலமுமாகத் தூர்ந்து கிடந்த இந்தப் புளியந்தோப்புக் குட்டைக்குத் திட்டம் ஒதுக்கியிருந்ததே மூலையில் ஒரு மழைநீர் உறிஞ்சுகுழிதான்.

"செத்த மாடு எதனா இருக்கும். போடுங்க அத."

"அப்பவே போட்டுட்டேன் மேடம்."

"எங்க?"

"ஸ்டேட்டஸ்ல."

மத்தியானத்துக்குள் ‘கள்ளக்குறிச்சியில் டைனோசர்’ திருக்கோவிலூர், மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் போய்விட்டது. ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. யாரோ எலும்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி சிவசங்கர் போனில் கத்தினார்.

"இன்னாம்மா, டைனோசராம்?"

"மாட்டெலும்பா இருக்கலாம் சார்."

"இருக்கலாமா? அறிக்கையில ‘இருக்கலாம்’னு எழுதினா திட்டத்தையே நிறுத்திடுவாங்க. விதி இன்னா சொல்லுது?"

சந்தேகப்படும்படி எது கிடைத்தாலும் அதைச் சுற்றி முப்பது அடிக்கு, ஆறடி ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றது விதி.

"தோண்டு. ஒண்ணுமில்லன்னு காட்டிட்டு மூடு. முடிஞ்சுது."

தோண்டினார்கள். முப்பதாவது அடியில் இரண்டு எலும்பு கிடைத்தது. விதிப்படி அங்கிருந்து இன்னொரு முப்பது அடி. அதன் ஓரத்தில் ஒரு விலா. அங்கிருந்து இன்னொரு முப்பது. நடுவில் எதுவும் கிடைப்பதில்லை. ‘அப்பாடா, முடிந்தது’ என்று அவள் மூச்சு விடும் இடத்தில்தான் சரியாக ஒன்று பல்லைக் காட்டும்.

தெரு நாய்களின் வேலை என்று முடிவு கட்டி, குட்டையைச் சுற்றி வலை கட்டினாள். குட்டைத் தெருப் பெண்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கமலாவும் காசிம் பீவியும் தினமும் சொம்பு நிறைய மோர் கொண்டுவருவார்கள். அந்த ஊரில் அவளைத் திட்டாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"வெயில்ல காஞ்சு கருவாடா பூட்டியே கண்ணு," என்பாள் காசிம் பீவி. "இன்னும் ஜாஸ்தி கீதா வேல?"

"இல்லக்கா. கெழக்கு ஓரம் மட்டும்தான். நாளைக்கு மூடிக்கினு கெளம்பிடுவோம்."

மறுநாள் காலை கிழக்கு ஓரத்தில் முழுசாக ஒரு தாடை.

செந்தமிழ்ச்செல்விக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பரணிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்துவந்து ஜேசிபி நிழலில் உட்கார்ந்து படித்தாள். இருநூற்றைம்பது கோடி என்றுதான் அதிலும் போட்டிருந்தது.

"பரீட்சையா மேடம்?" என்றான் தீனதயாளன்.

கடைசியில் சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ராஜாங்கத்தை வரவழைத்தார்கள். தார்ப்பாயில் வரிசையாகப் பரப்பிய எலும்புகளை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மாடு. மாடு. எருமை. இது கழுதை."

கடைசி எலும்பை மட்டும் மூக்கருகே கொண்டுபோனார்.

"இது எங்கம்மா கிடைச்சது?"

"ஆறடி ஆழத்துல சார்."

"ஆட்டுத் தொடை. பிரியாணி. பட்டை வாசனைகூட இன்னும் போகலை."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. ஆறடிக்கு அது ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது.

பேராசிரியர் எழுதிக் கொடுத்ததை இணைத்து, ஏழாவது அத்தியாயத்தை அனுப்பினாள். மூன்று மாதம், எழுபத்திரண்டு படங்கள், ஒரே முடிவு: ‘இல்லை’. தோண்டிய மண்ணை எடுத்துப்போக அனுமதி இல்லாததால் கரையிலேயே கொட்டி மேடாக்கியிருந்தார்கள்; திரும்பத் தள்ளி மூட யாரும் காசு ஒதுக்கவில்லை.

"ஒரு குழி வெட்டச் சொன்னா குட்டையையே வெட்டி வெச்சிருக்கியே!" என்று சிவசங்கர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த அறிக்கைக்கு அவள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. அனுப்பிய அறிக்கையோடு சேர்க்க வேண்டிய கடைசிப் படத்தை எடுக்க வந்த செந்தமிழ்ச்செல்வி, கரையேறிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். குட்டை தளும்பிக்கொண்டிருந்தது. கமலாவும் காசிம் பீவியும் படியில் குடத்தோடு நின்றார்கள்.

அவள் படியிறங்கி அவர்களிடம் போனாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு மூணு மாசம் உங்க வூடெல்லாம் புழுதியாக்கிட்டேன்."

கமலா பதறிப்போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இன்னாத்துக்கும்மா மன்னிப்பு கேக்கற? தூர் வாருங்கன்னு ஒம்போது வருஷமா மனு போட்டோம், ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. எலும்பு போட்டப்புறந்தான் எல்லாரும் வந்தீங்க!"