அசைந்தால் எடுக்கும் கேமரா

ராமேசுவரத்தில் கடலைத் தவிர ஒரு நிமிஷம்கூட ஓயாத பிறவி ஒன்று இருந்தது. அதற்குப் பேர் பூட்டுடைச்சான். அக்னி தீர்த்தக் கரையில் யாத்திரைக்காரர்களைப் படம் எடுக்கிறவன். அவனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், குளிக்க வந்தவர்கள் பையைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

பாவம், அவன் உடைத்த பூட்டெல்லாம் கேமராவுக்குள்ளேதான். "பெரியம்மா, கம்பெனிக்காரன் பாதி வேலைய உள்ள பூட்டிவச்சுட்டுத்தான் விக்கிறான். வெல கூடுன கேமராவுலதான் தொறந்துவிடுறான்" என்பான், என் பாசிமணிக் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே. யாத்திரைக்காரர் கையிலெல்லாம் செல்போன் வந்து அவன் பிழைப்பு போய்க்கொண்டிருந்த நேரம். வெளிநாட்டில் யாரோ எழுதி இன்டர்நெட்டில் போட்ட புரோகிராமை மெமரி கார்டில் ஏற்றி, தன் பழைய கேமராவுக்குள் செருகினான்.

"கெட்டுப்போச்சுன்னா?" என்றேன்.

"நானும் பாசி விக்க வாரேன். தள்ளி உக்காருங்க."

கெடவில்லை. மெனுவில் இல்லாததெல்லாம் வந்தது. எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்குமாம். முங்கி எழுகிற முகங்களைப் பிடிக்கிறேன் என்று கடலைப் பார்க்கக் கேமராவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தால் கார்டு நிறைய அலை.

"அலையடிக்காத பெண்கடல்தானே, சும்மா கெடக்கும்னு நெனச்சேன் பெரியம்மா."

"ஏலே, எந்தப் பொம்பள சும்மா கெடந்தா?"

வாய் தவறி வந்துவிட்டது. தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு கூச்சம். அந்தமானில் மகனோடு இருக்கும் என் தங்கச்சி வீடியோவில் கூப்பிட்டாலும் போனைக் காதோடு ஒட்டிக்கொள்வேன். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. "முழுசா மங்குறதுக்குள்ள ஒம் மொகத்தக் காட்டுக்கா. காதையே எத்தன நாளைக்குப் பாக்க?" என்று அழுதாள்.

இதைப் பூட்டுடைச்சானிடம் சொன்னேன். உடனே எனக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கேமராவை வைத்துவிட்டான்.

"நான் எடுக்கல. நீங்க பாட்டுக்கு ஏவாரத்தப் பாருங்க. அசைஞ்சா அதுவே எடுத்துக்கிரும்."

நான் கல்லாகிவிட்டேன். சங்கு விலை கேட்ட அம்மாவுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முதுகுதான் படத்தில் விழுந்தது.

"அசைங்க பெரியம்மா! கோயில் தூணு ஒங்களவிட ஆடும்!" என்று எனக்கும் சேர்த்து அவன் குதித்தான்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு கேமரா உறையைக் கவ்விக்கொண்டு ஓடியது. பின்னாலேயே பாய்ந்தான். குளித்தவர்கள் விட்டுப்போன ஈரவேட்டி காலில் சுற்ற, பொத்தென்று தண்ணீரில் விழுந்தான். கடல்பாசி ஒட்டிய தலையோடு எழுந்து நின்று, "இதையாச்சும் எடுத்துச்சா?" என்றான்.

எடுக்கவில்லை. கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது.

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி கூப்பிட்டாள். "பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறியேக்கா! எதப் பாத்து?"

"ஒரு கிறுக்கனப் பாத்து" என்றேன், போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

அவன் இப்போது துபாயில் ஏதோ ஸ்டுடியோவில் இருக்கிறானாம். அந்த ஸ்டூல் இருந்த பக்கம் எது அசைந்தாலும், வியாபாரத்தை விட்டுவிட்டு நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.