சின்னத் திருத்தக்காரர்

உள்ளூர் வரலாற்றுக் குழு என்று நாலு பேர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்வார். அவர்தான் சின்னத் திருத்தக்காரர். அவருக்கு வரலாறு பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் வரலாறு சொல்வதுதான் பிடிக்காது.

இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டக் குழுவில் அந்தப் பதவியை வகிப்பவர் ஆம்ப்ரோஸ் டக்வெல். கழுத்தில் தொலைநோக்கி, கையில் விரித்தால் நாற்காலியாகும் ஊன்றுகோல், முகத்தில் பிறர் அறியாமைக்காக வருந்தும் கருணை.

சென்ற சனிக்கிழமை கோட்டை பார்க்கப் போனோம். கோட்டை என்றால், கிராமத்துத் தேவாலயத்துக்குக் கிழக்கே ஒரு புல்மேடு, மேலே செம்மறியாடுகள். அதைப் பார்த்து வியக்கத் தெரிந்தவர்களைத்தான் குழுவில் சேர்ப்போம். விளக்கம் சொல்ல வேண்டியவர் ஹெட்டி ப்ராக்டர். அவருடைய முதல் உரை அது; குளிர்காலம் முழுக்கப் படித்துத் தயாராகியிருந்தார். "இன்னிக்கு என்னை முழுசாப் பேசி முடிக்க விடலேன்னா, நான் குழுவை விட்டுட்டுப் பூ அலங்கார வகுப்புக்கே போயிடறேன்" என்று வண்டியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்.

"இந்த மேட்டு மேல ஒரு மரக்கோட்டை இருந்தது..."

"ஒரு சின்னத் திருத்தம், ஹெட்டி" என்றார் ஆம்ப்ரோஸ்.

அந்தச் சின்னத் திருத்தம், ஆயிரம் வருஷத்துக்கு முன் படையெடுத்து வந்த நார்மானியரோடு கப்பலேறி, கடலைக் கடந்து, வழியில் இரண்டு மன்னர்களைப் புதைத்துவிட்டு, ஆடுகள் மேய்ந்து முடித்துப் படுத்த பிறகுதான் மேட்டை வந்தடைந்தது. யாராவது தடுத்தோமா? எப்படித் தடுப்பது? ஆங்கிலேயராகப் பிறந்துவிட்டோமே. தூறலில் நனைந்தபடி "ரொம்ப சுவாரசியம்" என்றோம். எங்களுக்குள் அது வசவு. ஆம்ப்ரோஸுக்கு மட்டும் தெரியாது.

தேவாலயத்துக்குள் மூக்குடைந்த கல்வீரன் ஒருவன் தன் கல்லறைமேல் படுத்திருந்தான். ஹெட்டி அருகில் போனதுமே ஆம்ப்ரோஸ் மூச்சை இழுத்தார். ஹெட்டி முந்திக்கொண்டார்.

"ஆம்ப்ரோஸ், அந்தக் கோடியில ஞானஸ்நானத் தொட்டி இருக்கு பாருங்க. என்னமோ செதுக்கியிருக்கு, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கதான் சொல்லணும்."

"கேப்பீங்கன்னு தெரியும்" என்று ஆம்ப்ரோஸ் நடந்தார்.

ஆனால் பேசுகிறவரைக் கேட்க ஆளில்லாமல் விடுவது எங்களிடையே கொலைக்கு அடுத்த குற்றம். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். முதலில் குழுவின் பொருளாளர் டெரிக் போய்த் தொட்டியருகே நின்று தலையாட்டினார். வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து, "இன்னும் பன்னிரண்டாம் நூற்றாண்டே தாண்டல. நீங்க போங்க" என்று என் தோளைத் தட்டினார். நான் முடிந்தவரை தாங்கினேன். எனக்குப் பின் இன்னொருவர். இந்தக் கோடியில் ஹெட்டி, கல்வீரனையும் அவனுடைய இரண்டு மனைவிகளையும், தேவாலயத்துக்கு மேற்கே அந்த மேட்டில் அவன் பாட்டன் எழுப்பிய மரக்கோட்டையையும் கிசுகிசுப்பாகவே சொல்லி முடித்தார். சத்தம் வராமல் கைதட்டினோம்.

தேநீர் மேசைக்கு ஆம்ப்ரோஸ் எலுமிச்சைக் கேக்கும் கையுமாக வந்தார். "பாவம் ஹெட்டி, இன்னிக்கு நீங்க பேசவே முடியலையே?"

"பரவாயில்ல. அடுத்த மாச உலாவுக்கும் நான்தான் பேசறேன். அங்கயும் உங்களுக்காக ஒரு தொட்டி பார்த்து வச்சிருக்கேன்."

அவர் முகம் மலர்ந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. அந்த மேட்டை முதலில் கிழக்கே என்றேன், பிறகு மேற்கே என்றேன். படிக்கும்போதே கவனித்து, பென்சிலைத் தேடினீர்களா? வாருங்கள். அதோ, அந்தக் கோடியில் ஒரு தொட்டி இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.