மாப்பிள்ளை நெற்றியில் முதன்மை நிறம்

எதையாவது அரைகுறையாகப் படித்துக்கொண்டிருப்பவனைக் கல்யாண வீட்டில் எந்த வேலைக்கும் ஏவக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். ஓவிய ஆசிரியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள். வேறு எதைக் கலந்தும் இவற்றை உண்டாக்க முடியாது. இவற்றில் இரண்டைக் கலந்தால் வருவது இரண்டாம் நிலை நிறம். வண்ணச் சக்கரத்தில் நேரெதிரே இருப்பவை எதிர் நிறங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் பேச்சு இருக்கிறதே, அடேயப்பா! "கத்தரிக்கா ஊதா, பருப்பு மஞ்சள். எதிர் நிறம்மா, அதான் எலையில எடுப்பா இருக்கு" என்பேன்.

"வெஞ்சனத்தத் தின்னுட்டு எந்திரிலே" என்பாள் அம்மா.

அந்த வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மூன்று இடம் தட்டிப்போய் நான்காவதாக அமைந்த வடமதுரைச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அம்மா சகுனத்தில் மகா கறார். நிச்சயத்தன்று பல்லி கத்தியதென்று அரை மணி நேரம் வாசலிலேயே நின்றவர். இதுவும் தட்டிப்போனால் இனி கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். 

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலத்தின் மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. அம்மா ஓடி வந்தாள். "ஏலே, தாம்பாளத்துல மஞ்சளக் கரைச்சுச் சுண்ணாம்பப் போடு. ஆரத்தி செக்கச்செவேல்னு இருக்கணும். வெரசா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சளோடு வெள்ளையைச் சேர்த்தால் வெளிர் மஞ்சள்தானே வரும்? (பிறந்ததிலிருந்து ஆரத்தியைப் பார்த்தவன்தான். குங்குமம் கரைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடுப்படிப் பக்கம் போயிருந்தால்தானே தெரியும்!) பாவம், அம்மாவுக்கு வண்ண ஞானம் இல்லை என்று மனமிரங்கினேன். சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் போடும் சிநேகிதன் கொடுத்த சிவப்புச் சாயப்பொடி என் பெட்டியில் இருந்தது. இரண்டு கரண்டி கரைத்தேன். ஆஹா, அச்சு அசல் பாடப்புத்தகச் சிவப்பு!

அத்தை ஆரத்தி சுற்றி, அதில் விரலைத் தொட்டு மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தாள். வைகாசி வெயிலில் பொட்டு மூக்குவரை ஒழுகியது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் துடைத்தார். போகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தார், நெற்றி முழுக்கப் பரவியது. சோப்புப் போட்டார், காதுவரை போயிற்று.

"என்னத்தக் கரைச்சீக? எம்மகன் மூஞ்சியெல்லாம் ரத்தமாட்டம் ஆகிப்போச்சே! தாலி கட்டுற நேரத்துல இதென்ன சகுனம்?"

மேளம் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். "சுண்ணாம்பு போட்டியாலே?"

"சிவப்பு முதன்மை நிறம்மா. கலந்தா வராது" என்றேன். அப்போதும் வாய் அடங்கவில்லை பாருங்கள்!

அம்மா வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்து, ஒரு கிண்ணம் மஞ்சள் தண்ணீரில் போட்டு, என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கண்ணெதிரே செக்கச்செவேலென்று சிவந்தது. உள்ளறையில் அக்கா விசும்பும் சத்தம் கேட்டது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"வாப்பா, போவோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை கண்ணாடியை வாங்கி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, வச்ச பொட்டு அழிஞ்சாத்தான கெட்ட சகுனம்? இது அம்புட்டுத் தேச்சும் அழியலையே! இதவிட நல்ல சகுனம் எங்க கெடைக்கும்?"

அந்த அம்மாள் முந்தானையால் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். "அதுவுஞ் சரிதான்" என்றார். அக்கா கழுத்தில் தாலி ஏறியது. அந்த நல்ல சகுனம் பத்து நாள் மாப்பிள்ளை முகத்தில் இருந்தது.

அன்று முதல் நான் எதையாவது அடித்துப் பேசினால், வீட்டில் யாராவது ஒருவர், "சுண்ணாம்பு போட்டுப் பாத்தியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பிறகு ஓவிய ஆசிரியரானேன்; சில வருஷங்களில் அக்கா மகளே என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். கரும்பலகையில், 'சிவப்பு முதன்மை நிறம். எதைக் கலந்தாலும் வராது' என்று எழுதித் திரும்பினேன். மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றாள்.

"சார், சுண்ணாம்பு போட்டுப் பாத்தீங்களா?"

திரும்பி, பக்கத்திலேயே '(சுண்ணாம்பு நீங்கலாக)' என்று எழுதினேன். அந்த வருஷப் பரீட்சையில் நாற்பது பிள்ளைகளும் அடைப்புக்குறியோடு அதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.