இங்கிலீசில் எனக்குப் பொய் வருகுதில்லை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
வியாழக்கிழமை, காலை.

என் அன்புக்கும் அவ்வப்போது என் ஏச்சுக்கும் உரிய, அக்கா பெற்ற மருமகன் சசிகரனுக்கு,

கோணேசர் துணையால் நீயும் உன் மனைவியும் பேத்தி லக்சனாவும் கனடாப் பனிக்குள் உறைந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. உன் மாமி கமலேஸ்வரி சுகம். வீட்டுக் கூரை சுகம். போன மழைக்குப் பிறகு முற்றத்து முருங்கை மெத்தச் சுகம். நான் மட்டும் வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு மானம் போய்ச் செத்துப்போகப் போகிறேன். உடம்பு அதற்குப் பிறகும் சோறு கேட்டுக்கொண்டு இருக்கும், அதுதான் பெரிய கொடுமை.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீ. சித்திரை வருடப்பிறப்பன்று போனில் முகம் பார்த்துக் கதைத்தபோது லக்சனா என்னிடம் கதை கேட்டாள். நான் என் மூதூர் லோஞ்ச் கதையைத் தொடங்கினேன். இந்தத் திருகோணமலையில் அதைக் கேட்காத மனிதரில்லை, துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களில் பாதிக்குக்கூட அது தெரியும். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னர், கார்த்திகை மாதம், கொட்டியாரக் குடாவின் நட்டநடுவில், வாடைக் காற்று வானத்தைப் பிடித்து உலுக்கிய ஒரு பகலில், ஆட்களை ஏற்றிப் போன மூதூர் லோஞ்சின் எஞ்சின் நின்றுபோக, எஞ்சின்காரன் ஸைனுலாப்தீன் முதலாக எல்லோரும் கண்ணை மூடி அவரவர் தெய்வத்தைக் கூப்பிட, சுக்கானியாகிய நான் ஒருவனே ஏழு பனை உயர அலைகளைக் காலால் மிதித்து, சுக்கான் சக்கரத்தை ஒற்றைக் கையால் திருப்பி, நூற்றிநாற்பத்தொரு பேரைக் கிண்ணியா மணலில் கால் நனையாமல் இறக்கினேன். (அன்றைக்கு இருந்தது பதினேழு பேர். வருடத்துக்கு நாலு பேர் ஏறிக்கொண்டார்கள், நான் என்ன செய்ய?) இத்தனையையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்க, பிள்ளை விளங்காமல் உன்னைப் பார்க்க, நீ ஒரு இங்கிலீசு வசனத்தில் அவளுக்குச் சொன்னாய்: தாத்தா ஒரு படகு ஓட்டினவர். பிள்ளை ஓகே என்றுவிட்டுப் பூனைப்படம் பார்க்கப் போய்விட்டாள். அந்த ஓகே அன்றிலிருந்து என் நெஞ்சுக்குள் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது.

ஆகவே, அறுபத்திரண்டாவது வயதில், என் வீரத்தை என் பேத்திக்கு அவளுடைய பாஷையிலேயே சொல்வதென்று சபதம் எடுத்து, கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் வாரம் மூன்று பின்னேரம் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் வெளிநாடு போகப் போகிற தாதிமாரும் உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிற பெடியளும். படிப்பிப்பவள் அம்ரா. ஓம், அதே ஸைனுலாப்தீனுடைய இரண்டாவது மகள்தான். என் மடியில் இருந்து லோஞ்ச் கதையை நூறு தரம் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் கதை சொல்லும்போதெல்லாம் அவளுடைய வாப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டுவான், ஒருநாளும் ஒரு சொல் மறுத்ததில்லை. அப்படி ஒரு சிநேகிதன்.

இரண்டு மாதம் மாம்பழத்தின் நிறமும் தபாற்கந்தோருக்குப் போகிற வழியும் படித்தோம். நல்லாய்த்தான் போனது. மூன்றாம் மாதம் அம்ரா வெண்பலகையில் ஒரு தலைப்பு எழுதினாள். உங்களை மாற்றிய ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள், அதனால் நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

"டீச்சர், நான் வளந்து முடிச்சு நாப்பது வருசம். இப்ப வளர்றது வயிறும் காதில முடியும்தான்."

"உள்ளுக்கு அங்கிள், உள்ளுக்கு வளந்தத எழுதுங்க."

"உள்ளுக்குக் கொலஸ்ட்ரோல்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கற்பனையாக எழுதலாமோ என்று கேட்டேன், ஓம் என்றாள், ஆனால் உண்மையைச் சொல்லத்தான் கற்பனை வேண்டும் என்றாள். முப்பத்தொரு வருடமாகக் கற்பனையை வைத்து நான் செய்துவந்த வேலை இதற்கு நேரெதிர் என்று எனக்கு அப்போதே உறைத்தது.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் கொப்பியை விரித்தேன். கடல் சூரியனின் பாதத்தைக் கழுவியது என்று எழுத நினைத்தால், கைவசம் இருக்கிற இங்கிலீசில் கடல் இருக்கிறது, பெரிய என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான். கடல் பெரிது என்று எழுதினேன். போதாமல் மிகப் பெரிது என்று எழுதினேன். அதற்குமேல் அந்தப் பாஷை என்னை ஏறவிடுகுதில்லை. மருமகனே, பொய் என்பது வசதியுள்ளவன் வேலை. அதற்குச் சொல் வேணும், சொல்லுக்குப் பின்னால் சொல் வேணும், தப்பிப்போகக் குறுக்குத்தெருவும் ஒழுங்கையும் வேணும். எனக்கு இங்கிலீசில் முந்நூறு சொல்தான், ஒவ்வொன்றும் முட்டுச்சந்து. சிங்கம் போல் நின்றேன் என்று எழுத அகராதி புரட்டினேன், சிங்கம் கிடைத்தது, போல் கிடைக்கவில்லை. சரி, சின்னச் சின்னதாய் எழுதி முடிப்போம் என்று எழுதினேன். முடித்து வாசித்துப் பார்த்தபோது என் கையே எனக்குத் துரோகம் செய்திருந்தது. அதில் இருந்தது, தமிழில் சொன்னால், இதுதான்:

'கடல் பெரிது. மிகப் பெரிது. எஞ்சின் நின்றது. நான் பயந்தேன். நான் சக்கரத்தை விட்டேன். நான் ஆட்கள் உட்காரும் வாங்குக்குக் கீழே போனேன். அங்கே ஒரு கோழிக்கூடை. நான் கூடையைக் கட்டிப்பிடித்தேன். ஸைனுலாப்தீன் மேலே வந்தான். அவன் சக்கரத்தைப் பிடித்தான். அவன் எங்களைக் காப்பாற்றினான். கரையில் ஆட்கள் எனக்கு மாலை போட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.'

பார்த்தாயா. உனக்கு இந்தக் கணம்வரை தெரியாத சங்கதி. எனக்கே ஏறக்குறைய மறந்துபோன சங்கதி. தமிழில் முப்பத்தொரு வருடம் பூட்டி வைத்திருந்த அலுமாரியை வெள்ளைக்காரன் பாஷை ஒரு பின்னேரத்தில் திறந்துவிட்டது.

கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் வகுப்பில் தந்த வீட்டுவேலையைச் செய்யாமல் போனால், கூடப் படிக்கிற ஹோட்டல்காரப் பெடியன் மதுசன், என்ன அங்கிள் இண்டைக்கும் தலையிடியோ என்று கேட்பான். அந்தத் தன்மானத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அம்ரா வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"அங்கிள், இத வாப்பாட்ட சொல்லியிருக்கிறீங்களா?"

"உன்ர வாப்பாவும் அதிலதானே நிண்டவன், அவனுக்குத் தெரியாதோ?"

"தெரியும். நீங்க சொல்லி அவருக்குக் கேக்கணும்."

அவ்வளவுதான். சனிக்கிழமை சான்றிதழ் விழாவில், பெரியோர், உற்றார், பெண்டாட்டிமார் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பதற்கு வகுப்பில் ஒரே ஒரு கட்டுரை தெரிவானது. என்னுடையது. முன்வரிசையில் ஸைனுலாப்தீன், அவனுக்குப் பக்கத்தில் உன் மாமி. அந்த மாமி என்னைக் கலியாணம் கட்டச் சம்மதித்ததே லோஞ்ச் கதையைக் கேட்டபிறகுதான் என்பதை நீ அறிவாய். இனி அவள் என் சோற்றுக்கோப்பையை எந்த முகத்தோடு வைப்பாள்? ஸைனுலாப்தீன் என்னை எப்படிப் பார்ப்பான்? முப்பத்தொரு வருடம் அவனுடைய மாலையை நான் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுப் புரியாணியையும் தின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவன் தேத்தண்ணிக்கு வரும்போது நான் இனி எந்தக் கதிரையில் இருப்பேன்?

தப்ப வழி தேடாமல் விட்டேன் என்று நினைக்காதே. நல்ல தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அம்ரா கட்டுரையைத் திருப்பித் தந்தாள். வரும் வழியில் கோட்டை வாசலடியில் மான்கள் நின்றன. நீ கனடா போய் இவ்வளவு காலத்தில் அவை இன்னும் பெருகிவிட்டன, கடைவாசல் பலகைகளையும் தின்னத் தொடங்கிவிட்டன. ஒரு கிழட்டுக் கலைமான் என்னைப் பார்த்தது. நான் தாளை நீட்டினேன். ஸைனுலாப்தீன் சக்கரத்தைப் பிடித்த இடம்வரை நிதானமாகவும், அதற்குப் பிறகு அவசரமாகவும் தின்றது. அடுத்த வகுப்பில் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு, டீச்சர், கட்டுரையை மான் தின்றுவிட்டது என்றேன்.

"மான்ர கதைய அடுத்த கட்டுரைக்கு வையுங்கோ அங்கிள்," என்றான் மதுசன். "அதுக்கும் நூறு மான் வேணும், இல்லாட்டி நீங்க சொல்லமாட்டீங்கள்."

அம்ரா தன் போனை எடுத்துக் காட்டினாள். தருவதற்கு முன்னரே படம் பிடித்து வைத்திருக்கிறாள். வாப்பாவுக்கு இல்லாத தந்திரம் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

பிறகு நேற்றுத் தொண்டை கட்டிவிட்டது என்று வீட்டில் சைகையால் அறிவித்தேன். உன் மாமி மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் அவித்து, ஒரு படையே குணமாகக்கூடிய அளவு என் வாய்க்குள் ஊற்றினாள். சுட்ட சூட்டில் நான் போட்ட கூச்சல் டச்சுக்குடாவில் வலை இழுத்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "ஆ, குரல் வந்திட்டுது," என்றுவிட்டு அவள் விழாவுக்கு அயன்பெட்டியால் சேலை மினுக்கப் போய்விட்டாள்.

ஆகையால் மருமகனே, இனி நீதான் கதி. சனிக்கிழமை எங்கள் நேரம் பின்னேரம் மூன்றே முக்காலுக்கு அம்ராவின் போனுக்கு எடுத்து, நீ சொல்லாமல் கொள்ளாமல் கட்டுநாயக்காவில் வந்து இறங்கிவிட்டதாகவும், பயணப்பெட்டி தொலைந்துவிட்டதாகவும், மாமாவை உடனே அனுப்பும்படியும் பதறிப்போய்ச் சொல். கொஞ்சம் அழுதால் நல்லது. உனக்கு அழ வராவிட்டால் உன் மனைவியை அழவை. இதைச் செய்யாமல் விட்டால் கொட்டியாரக் குடாவின் வீரன் என்று ஒருவன் இருந்தான் என்று இனி ஊரில் ஒரு காகமும் சொல்லாது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. லக்சனாவின் உச்சியில் என் பெயரால் ஒரு முத்தம் வை. உங்கள் வீட்டுச் சூடாக்கி பழுதாகாமல், உங்கள் தெருவில் வழுக்காமல், நீங்கள் நூறாண்டு நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

சனிக்கிழமை வரை உன் வீர மாமன்,
சோமசேகரம்.

பி.கு.: மேலே உள்ள எல்லாவற்றையும் விட்டுவிடு. வியாழக்கிழமை இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போனால் போனில் டேட்டா இல்லை. சனிக்கிழமையாவது அனுப்புவோம் என்றால் மாமி என்னை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று ஞாயிறு. நீ ஒருவருக்கும் எடுக்கத் தேவையில்லை.

வாசித்தேன். குரல் கோழிக்கூடையில் இருந்து வருவதுபோல வந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை என்ற கடைசி வசனத்தை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு கதிரை பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. ஸைனுலாப்தீன் எழுந்து நின்றான்.

"மச்சான், இங்கிலீசு எனக்கு அரைவாசிதான் விளங்கும். நான் லோஞ்சக் காப்பாத்தினன் எண்டா எழுதியிருக்காய்?"

"ஓம் மச்சான்."

"அத வெட்டு."

"உண்மையைத்தானேடா எழுதினனான்!"

"என்ன உண்மை? சக்கரத்தில இருந்து சுக்கானுக்குப் போற சங்கிலி அதுக்கு முந்தியே அறுந்து கெடந்திச்சி. நான் புடிச்சிக்கொண்டு நிண்டது வெறும் சக்கரத்த. இந்தப் பக்கம் சுத்தினாலும் நேராப் போகுது, அந்தப் பக்கம் சுத்தினாலும் நேராப் போகுது. வாடைதான் நம்மளக் கொண்டுபோய்ப் போட்டிச்சி."

"அப்ப ஏன்டா முப்பத்தொரு வருசமாச் சொல்லேல்ல?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சங்கிலி பாக்கிறது என்ட வேலை மச்சான். அந்தக் கெழமை நான் பாக்கல்ல. நீ கதை சொல்லிக்கொண்டிருக்குமட்டும் சங்கிலி ஏன் அறுந்திச்சி எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. நீ அலைய ஒசத்த ஒசத்த எனக்கு நிம்மதி. போன வருசம் ஒரு பனை கூட்டினாய், வீட்ட போய் நல்லா நித்திர கொண்டன்."

நான் அவனுடைய மாலையைத் திருடிக்கொண்டு திரிகிறேன் என்று வெந்துகொண்டிருக்க, அவன் என் பொய்க்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறான். இருவரும் அந்த மேடையடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் உட்துறைமுகத்தில் ஓரடி தண்ணீர் ஏறியது, வேண்டுமானால் போய் அளந்து பார். அம்ரா இரண்டு பேரிடமும் ஒவ்வொரு கொப்பியைத் தந்து, திரும்ப எழுதுங்கள் என்றாள். வாப்பாவையும் வகுப்பில் சேர்த்துவிட்டாள். எனக்குச் சான்றிதழ் இன்னும் தரவில்லை, கட்டுரை பிழையாம்.

வரும் வழியில் மாமியிடம், என்னில் கோபமோ என்று கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, முதல் நாளே எனக்கு விளங்கினதுதான். கடலைப் பற்றி நாலு வசனம் சொன்னீங்கள், கோழிக்கூடையைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னீங்கள்."

இன்று காலை நீ வெளியே போயிருந்த நேரம் உன் மனைவி போனில் எடுத்தாள். லக்சனாவுக்கு என் முந்நூறு சொல்லையும் வைத்துக் கதையைச் சொன்னேன். பெரிய கடல், கூடைக்குள் கோழி, வாங்குக்குக் கீழே தாத்தா, சும்மா சுத்துகிற சக்கரம். அப்போது படகை யார் ஓட்டியது என்று கேட்டாள். நோபடி என்றேன். நூற்றிநாற்பத்தொரு பேரை நான் காப்பாற்றியபோது பூனை பார்க்கப் போன பிள்ளை, ஒருவரும் ஓட்டாத படகுக்கு மூன்று தரம் அகெய்ன் என்றாள்.

என் வாழ்நாள் உழைப்பு இப்படி வீணாய்ப் போயிற்று. போகட்டும். ஆனால் அந்த மான் கட்டுரையைத் தின்றது சத்தியமான சத்தியம். அதை மட்டும் இந்த ஊரில் இன்னும் ஒருவரும் நம்பவில்லை.